கம்பத்தடித் தண்ணீர்

கடற்கரையில் தண்ணீர் எடுப்பதுதான் அக்காவின் வேலை. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். திங்கட்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு முழங்கால் ஆழம் இறங்கி, பாட்டிலைத் தலைகீழாக அமிழ்த்தி, நீருக்குள்ளேயே நிமிர்த்தி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைப்பார். எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். மழைநீர் வாய்க்கால் கடலில் விழும் இடத்திலிருந்து அது முந்நூறு அடி தள்ளி நின்றது. வாய்க்கால் ஓரம் அலை குறைவு. பிள்ளைகள் குளிப்பது அங்கேதான். கம்பத்தடியில் ஒரு ஈ காக்காய் இருக்காது. பதினான்கு வருஷமாக அறிக்கையில் ஒரே வரி: குளிக்கத் தகுந்தது.

அக்காவின் மகளும் வாய்க்கால் ஓரம்தான் குளித்தாள். ஒன்பது வயது. முதலில் ரத்தபேதி, பிறகு சிறுநீரகம். பதினோராம் நாள் எல்லாம் முடிந்தது. மலக்கிருமி என்றார் டாக்டர். எங்கிருந்து வந்ததென்று சொல்ல முடியாதாம். சொந்தக்காரர்கள் விதி என்றார்கள். விதிக்குக் குழாய் கிடையாது. இதற்கு இருந்தது, எட்டு அங்குல அகலத்தில். அந்த வாரத்துப் பாட்டிலில் இருந்ததும் அக்காவின் கையெழுத்துதான்.

வேலைக்குத் திரும்பிய முதல் திங்களன்று அக்கா கம்பத்தைத் தாண்டி நடந்தார். வாய்க்கால் ஓரம் நிரப்பி, இடத்தை உள்ளபடி எழுதினார். கிருமி எண்ணிக்கை வரம்பைப் போல நாற்பது மடங்கு. பாட்டில் சுத்தமில்லாமல் இருந்திருக்கும், மறுபடி எடுத்து வாங்க என்றார் மேலதிகாரி. மறுபடியும் அதே இடம், அதே கணக்கு. மூன்றாம் முறையும் அங்கேயே எடுத்தபோது, கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"கம்பம் எங்க இருக்குன்னு தெரியாதாம்மா உங்களுக்கு?"

"தெரியும் சார். அங்க யாரும் குளிக்கலையே."

"வேலை போயிடும்."

"போகட்டும் சார். நம்பரை ஏத்திட்டு அனுப்புங்க."

பரிசோதிக்கும் பெண் மூன்றையும் ஏற்கெனவே மையால் ஏற்றியிருந்தாள். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாதென்பது மேலதிகாரியே போட்ட உத்தரவு.

அறிக்கை போன பிறகு ஆட்கள் வந்து, கடற்கரைக் கழிப்பறையில் பச்சைச் சாயம் கொட்டிப் பார்த்தார்கள். அரை மணியில் வாய்க்கால் பச்சையாக ஓடியது. கட்டும்போதே யாரோ குழாயை அதில் செருகியிருக்கிறார்கள். அந்த யாரோவின் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. இடம் மாறி எடுத்ததற்காக அக்காவுக்குக் கொடுத்த மெமோ மட்டும் பத்திரமாக இருக்கிறது.

குழாயைச் சாக்கடைக்குத் திருப்பினார்கள். ஐந்தாம் வாரம் எண்ணிக்கை வரம்புக்குள் வந்தது.

"பாத்தீங்களா அக்கா, குறைஞ்சிடுச்சு" என்றாள் அந்தப் பெண்.

அக்கா தாளைப் பார்த்தார். பிறகு அடுத்த வாரத்துப் பாட்டில்களை இழுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தேதி எழுதினார்.