கறுவலின் வழக்கு

போன ஜூலை முதலாம் திகதி, என் மருமகள் வீடு மாறுவதற்கு உதவி செய்யப் போயிருந்தேன். கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. என்ன பெரிய உதவி என்று கேட்காதீர்கள். கீழே ஒரு கதிரையில் இருந்துகொண்டு "கவனம், கவனம்" என்று சத்தம் போடுவதுதான் என் முழங்கால் இப்போது அனுமதிக்கிற உதவி. மொன்றியலில் பெரும்பாலானவர்களின் வாடகை ஒப்பந்தம் இந்த ஒரு நாளில்தான் முடியும். அன்றைக்கு ஊரே கட்டில் மெத்தையோடு தெருவில் நிற்கும். வேண்டாததெல்லாம் நடைபாதைக்கு வரும். அன்று உடைந்த சோபாவுக்கும் பழைய டிவிக்கும் நடுவில் ஒரு பூனைக்கூடு இருந்தது. அதற்குள் பூனையும் இருந்தது. கூட்டின் மேல் "இலவசம்" என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

மருமகள் வெறுமையான வீட்டைக் கழுவ ஜவெல் ஊற்றியிருந்தாள். குளோரினை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். படிக்கட்டால் இறங்கி வந்த அந்த ஜவெல் மணமும் கூட்டிலிருந்து வந்த மூத்திர மணமும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் நான் கதிரையை விட்டு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள் வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். வெயில் இல்லை. அது என் பழைய வேலையின் மணம்.

இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை, நகரசபைக்காக நடந்த ஒரு விலங்குக் காப்பகத்தில். விலங்கோடு வேலை என்றதும் நான் யானை, ஒட்டகச்சிவிங்கி என்று கற்பனை பண்ணிக்கொண்டு போனேன். அந்தக் காலத்தில் தெருவில் நாய் வந்தால் நான் மற்றப் பக்கத்துக்குக் கடந்து நடக்கிற ஆள். நேர்முகத்தில் மட்டும், பாடமாக்கி வைத்திருந்த பிரெஞ்சில், "எனக்கு மிருகங்கள் என்றால் உயிர்" என்று சொன்னேன். தந்து விட்டார்கள். அம்மாவுக்கு போனில் சொன்னபோது அவ, "நாய்ப்பீ அள்ளவோ பிள்ளை கனடாக்குப் போனனீ?" என்று கேட்டா. ஓம் அம்மா, அள்ளத்தான் போனேன். பிறகு என் பிரெஞ்சு கொஞ்சம் தேறியதும் என்னை முன்மேசைக்கு மாற்றினார்கள். அள்ளுகிற வேலை எவ்வளவோ மேல் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

முன்மேசை என்றால், கொண்டு வருகிற மிருகத்தை வாங்கி உள்ளே எடுக்கிற இடம். ஜூலை வந்தால் கதவு திறக்க முன்பே வரிசை நிற்கும். உடுப்புக் கூடையில் பூனை, சப்பாத்துப் பெட்டியில் முயல், கயிற்றில் கட்டிய நாய். எல்லோர் வாயிலும் ஒரே பாட்டு: வீடு மாறுகிறோம், புது வீட்டுக்காரர் மிருகம் வேண்டாம் என்கிறார். ஃபிரிட்ஜைக் கொண்டு போக லொறி பிடித்தவர்கள், பத்து வருஷம் மடியில் வைத்திருந்த பூனையை என் மேசையில் வைத்துவிட்டு, "நல்ல இடம் பார்த்துக் குடுங்கோ" என்று பிரெஞ்சில் சொல்லி, காரில் ஏறிப் போவார்கள். சிலர் அழுவார்கள். அந்த அழுகை எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும். அழுகிறவர்களும் விட்டுவிட்டுத்தானே போனார்கள்.

தெருவில் பிடிபட்ட நாய் என்றால் அதற்குச் சில நாள் தவணை உண்டு. சொந்தக்காரர் தேடி வரக்கூடும் அல்லவா. ஆனால் சொந்தக்காரரே கொண்டு வந்து விட்டால் தவணை கிடையாது, தேடி வர ஆள் இல்லை என்பதால். யோசித்துப் பாருங்கள், தொலைந்த நாயை விட, கையில் பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைத்த நாய்க்கு நாள் குறைவு. அங்கே அதை யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை. ஒழுங்கு என்று நினைத்தார்கள்.

தத்தெடுக்கிறவர்கள் பக்கத்துக் கதவால் வருவார்கள். குட்டி நாய் வந்தால் அன்றைக்கே போய்விடும். சின்ன வெள்ளை நாய் என்றால் அடிபிடி. "மயிர் கொட்டாத நாய் இருக்கா?", "குலைக்காத நாய் இருக்கா?" என்று சோபா வாங்க வந்தவர்களைப் போலக் கேட்பார்கள். பெரிய கறுப்பு நாய்களை ஒருவரும் நின்று பார்க்க மாட்டார்கள். அவை முதல் கிழமை வாலாட்டும், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடும்.

இன்னொரு கதவும் இருந்தது, பின்னால். கூடு நிரம்பினால் அந்தக் கதவுக்கு வேலை வரும். அங்கே நடப்பதை யாரும் கொல்லுவது என்று சொல்வதில்லை. பிரெஞ்சில் "உறங்க வைக்கிறோம்" என்பார்கள். நம்முடைய பேப்பர்க்காரர்கள் கருணைக்கொலை என்று எழுதுவார்கள். நோயில் துடிக்கிற கிழட்டு நாய்க்கு அந்த ஊசி கருணைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை, என் கையாலேயே தடவிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் நல்லாய்ச் சாப்பிட்டு, நல்லாய் ஓடித் திரிந்த நாயைக் கூட்டில் இடமில்லை என்று கொல்லுவதில் என்ன கருணை? எங்கள் மேற்பார்வையாளர் மத்தில்ட், கியூபெக் கிராமமொன்றிலிருந்து வந்த பெண். ஊசி போடுகிற காலைகளில் வெளியே போய் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டு அழுவாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, அடுத்ததைக் கூப்பிடுவாள். கெட்டவள் இல்லை. அதுதான் எனக்கு ஆறவேயில்லை. கெட்டவள் என்றால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அப்படியொரு ஜூனின் கடைசிக் கிழமையில்தான் ரவியண்ணை கறுவலைக் கொண்டு வந்தார். ரவியண்ணை எனக்கு முன்பே பழக்கம். ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கறுவல் அவருடைய பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் முந்தின ஜூலையில் படிக்கட்டில் கட்டிவிட்டுப் போன நாய். ரவியண்ணையின் மகள் துஷிக்கு அப்போது நாலு வயதிருக்கும். அவள் அவிழ்த்துக் கூட்டி வந்துவிட்டாள். பிரெஞ்சு கேட்டு வளர்ந்த அந்த நாய் ஒரு குளிர்காலத்துக்குள் "வா, இரு, அங்கால போ" எல்லாம் விளங்கிக்கொண்டு, மீன்குழம்புச் சோறு தின்னப் பழகியிருந்தது. அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளை நாயின் வயிற்றில் தலை வைத்துப் படுத்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும். நாய்க்குப் பயந்த நானே கடைசியில் அதன் தலையைத் தடவுகிற அளவுக்கு வந்திருந்தேன் என்றால் பாருங்கள்.

அவர் வந்த நேரம் நான் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கறுவல் கூட்டுக்குள். என்னைக் கண்டதும் எழுந்து வாலை அடிக்கிறது. கூட்டில் சிவப்பு அட்டை தொங்குகிறது. சிவப்பு என்றால் கடிக்கிற நாய். கடிக்கிற நாயைத் தத்துக் கொடுக்க முடியாது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் கொடுக்க முடியாது. சிவப்பு அட்டைக்கு இருப்பது பின்கதவு ஒன்றுதான்.

"கொண்டு வந்தவர் வீட்டுப் பிள்ளையைக் கடித்ததாம்," என்றாள் மத்தில்ட். "தகப்பனே சொன்னார். ஒரு தரம் இல்லை, பல தரம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நம்முடைய ஆட்களுக்கும் விளங்கும். அந்த நாட்களில் அகதி வழக்குப் போட்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: வழக்குப் பலமாக இருக்கவேண்டும். உண்மையாகவே அடி வாங்கினவனும், அந்த அடி ஒபிசருக்குப் போதாமல் போய்விடுமோ என்று பயந்து இன்னும் ரெண்டு அடியைச் சேர்த்துச் சொன்னான். ரவியண்ணைக்கு மேசை, கணினி, கேள்வி கேட்கிற வெள்ளைக்காரி எல்லாம் ஒன்றுதான். வீடு மாறுகிறேன் என்று மட்டும் சொன்னால் நாயை எடுக்க மாட்டார்கள், "திருப்பிக் கொண்டு போ" என்பார்கள் என்று நினைத்திருக்கிறார். ஆகவே கறுவலின் வழக்கையும் பலமாக்கிவிட்டார்.

நான் மத்தில்டிடம் அந்த நாயை எனக்குத் தெரியும், அது கடிக்காது, அந்த மனிதர் பயத்தில் சொன்னது என்று சொன்னேன். அவள் நம்பினாள். நம்பிக்கொண்டுதான் சொன்னாள், "சொன்னவர் வந்து மாற்றிச் சொல்லவேண்டும். நாளைக்கு இது ஒரு பிள்ளையைக் கடித்தால் யார் பதில் சொல்லுவது? வெள்ளிக்கிழமை காலை ஊசி. அதற்குள் அவரைக் கூட்டிக்கொண்டு வா, அட்டையைக் கழற்றுகிறேன்."

அன்று பின்னேரமே பஸ் எடுத்துப் போனேன். வீடு முழுக்கப் பெட்டிகள். ரவியண்ணையின் மனைவி சட்டி பானைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தா. நான் விஷயத்தைச் சொன்னதும் ரவியண்ணையின் முகம் வெளிறிப் போனது.

"கொல்லுவாங்களோ? கடிக்கிற நாயெண்டா பழக்கி எடுப்பாங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

"இல்லை அண்ணை. நாளைக்கு என்னோட வாங்கோ. அது கடிக்கேல்லை எண்டு ஒரு வசனம் சொன்னாக் காணும்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். "தங்கச்சி, எனக்கு வாற மாசம் வழக்கு. இப்ப போய் அண்டைக்குச் சொன்னது பொய் எண்டு சொன்னா, இவன் கவர்மென்ட் ஒபிசில பொய் சொல்லுறவன் எண்டு பதிஞ்சு போடுவாங்கள். பேந்து நான் எதைச் சொன்னாலும் ஆர் நம்புவாங்கள்?"

"அண்ணை, அது நாய் பிடிக்கிற இடம். உங்கட வழக்குக்கும் அதுக்கும் ஒரு தொடுப்பும் இல்லை."

"உனக்குத் தெரியாது. எல்லாம் கொம்பியூட்டரில ஒண்டாத்தான் கிடக்கும். ஒருக்காச் சொன்னதை மாத்தக் கூடாது எண்டு லோயர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர்."

அந்த மனிதரை என்ன செய்வது? பொய்க்காரர் இல்லை அவர். கதையை மாற்றினதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தை அவருக்குள் ஏற்றிவிட்டவர்கள் மேல்தான் எனக்கு முதல் கோபம் வந்தது. பிறகு அவர் மேலும் வந்தது.

அப்போது துஷி பெட்டிகளுக்கு நடுவிலிருந்து வந்தாள். "அப்பா, கறுவல் எப்ப வரும்?"

"வராது. உன்னைக் கடிச்ச நாய் எங்களுக்கு வேண்டாம்."

"அது கடிக்கேல்லை."

"கடிச்சது."

"இல்லை! கறுவல் என்னைக் கடிக்கேல்லை!" பிள்ளை காலை உதைத்து அழத் தொடங்கியது. என்னிடம் ஓடிவந்து, "அன்ரி, அது கடிக்கேல்லை அன்ரி," என்று என் கையைப் பிடித்து இழுத்தது. தாய் சுற்றின பானையை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டா. ரவியண்ணை பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, கண்ணீரைத் துடைத்து, மெதுவாகச் சொன்னார். "குஞ்சு, இஞ்ச பார். ஆர் கேட்டாலும் கறுவல் கடிச்சது எண்டுதான் சொல்லவேணும். பள்ளிக்கூடத்தில கேட்டாலும். அன்ரி கேட்டாலும். சொல்லு பாப்பம்."

நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்து படியிறங்கினேன்.

வெள்ளிக்கிழமை பின்கதவு திறக்கும் வரை அவர் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மத்தில்ட் என்னை முன்மேசையிலேயே இருக்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை, கறுவலோடு உள்ளே போனேன். "இரு" என்றேன், இருந்தது. மத்தில்ட் வெளியே போய் அழுதாள். நான் அழவில்லை. பெயர் எழுதின அட்டையைச் சட்டையிலிருந்து கழற்றி அவளுடைய மேசையில் வைத்துவிட்டு, வெளியே வந்து, பஸ்ஸுக்கு நிற்க மனமில்லாமல் நடந்தே போனேன். ரவியண்ணையின் வழக்கு வென்றது. விசாரணையில் நாயைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் காப்பகம் இல்லை, இடித்துவிட்டார்கள். மத்தில்ட் எங்கே என்று தெரியாது. ரவியண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார், செத்தவீட்டுக்குப் போனேன், அவர் முகத்தைப் பார்த்தும் என் கோபம் முழுக்க இறங்கவில்லை.

போன மாதம் மொன்றியலுக்குப் பக்கத்தில், புரோசார்ட்டில் ஒரு கலியாண வீடு. பக்கத்து மேசையில் இளம் பிள்ளைகள் பிரெஞ்சில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைக் கண்டு எழுந்து வந்து கட்டிப்பிடித்தாள். துஷி. யூனிவர்சிட்டி படிப்பு முடிகிறதாம், தனியாக ஒரு வீடு எடுத்திருக்கிறாளாம். கூட வந்த சிநேகிதி ஒருத்தி, வீட்டில் ஒரு நாய் வளர்க்கலாமே என்று இவளைப் பகிடி பண்ணினாள்.

"ஐயோ, வேண்டாம்," என்றாள் துஷி. "எனக்கு நாயெண்டாச் சரியான பயம் அன்ரி. சின்னனில எங்கட வீட்டு நாய் என்னைக் கடிச்சதெல்லோ." இடது கையை நீட்டிக் காட்டினாள். ஒன்றும் இல்லை, வழுவழுவென்ற கை. கொஞ்சம் யோசித்து, வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையோ தெரியேல்லை. ஆனா நல்லா ஞாபகம் இருக்கு."

"அது உன்னைக் கடிக்கேல்லை, பிள்ளை," என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, சிநேகிதி திரும்பிப் பார்த்தாள்.

துஷி சிரித்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும் அன்ரி?"

"நீதான் எனக்குச் சொன்னனீ."

அவள் என் தோளில் செல்லமாகத் தட்டிவிட்டு, "அன்ரி ஆரையோ நினைச்சுக் கதைக்கிறா," என்று சிநேகிதியிடம் சொல்லிக்கொண்டு மேசைக்குத் திரும்பிப் போனாள். கறுவலுக்காக அழுது சாட்சி சொன்ன ஒரே ஒரு ஆள் ஐந்து வயதில் இந்த ஊரில் இருந்தாள். அவளையும் கொன்றுவிட்டோம்.