நசுங்காத எலுமிச்சம்பழம்

எங்கள் மகளுக்கு வில்கமுவவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் பஸ் குறைவு. முதல் நாள் என் பழைய காரிலேயே அவளைக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட எனக்கு ஆசை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய ஆசைதான். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. காரைக் கழுவிவைத்தேன்.

மறுநாள் காலையில் ஓட்டிப் பார்க்கப் போனபோது, என் மனைவி நான்கு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். கார் உதறிக்கொண்டு கொஞ்சம் இழுபட்டு நின்றது. மூன்று பழம் நசுங்கியது. பின்பக்க இடது சில்லு மட்டும் சுழலாமல், பழத்தை முழுசாக முன்னால் தள்ளியிருந்தது.

“சகுனம் சரியில்லைங்க. புள்ள பஸ்லயே போகட்டும்.”

“சகுனம் இல்ல. பிரேக் புடிச்சிக்கிட்டு இருக்கு.”

“ஆமா, எல்லாத்துக்கும் ஒரு பேரு வச்சிருக்கீங்க.”

அலுவிகாரையில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. கார் தானாக உருண்டு ரோட்டுக்குப் போய்விடும் என்று அவளுக்கு எப்போதும் பயம். நான் போடும் ஹேண்ட் பிரேக்கில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. நான் இறங்கியதும் அதன் பிடியை இரண்டு கையாலும் இழுத்து இன்னும் ஒரு பல் ஏற்றி இறுக்கிவிடுவாள். கழுவி நனைந்திருந்த காருக்கும் முந்தின நாள் அதே மரியாதை நடந்திருந்தது.

முன் சில்லுகளுக்குக் கல் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் சில்லு அசையவில்லை. அடியில் அதன் கேபிளைத் தளர்த்தினேன், அப்போதும் அசையவில்லை. சில்லைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் பிரேக் ட்ரம்மைச் சுற்றிவரக் கட்டை வைத்துத் தட்டியதும் ‘டக்’கென்று விட்டுக் கழன்று வந்தது. உள்ளே அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஷூ ஈரத்தில் துருப்பிடித்து ட்ரம்மோடு ஒட்டியிருந்தது. துருவைச் சுரண்டி, தூசி பறக்காமல் ஈரத்துணியால் துடைத்து, தளர்த்திய கேபிளைப் பழையபடி முடுக்கினேன்.

மனைவியைக் கார்க் கதவோரம் நிற்கவைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்கச் சொன்னேன்.

“மெதுவா இழு.”

ஷூ விரிந்தது.

“இப்ப விடு.”

“விட்டுட்டேங்க.”

ஷூ திரும்பி வரவில்லை. கேபிளும் அதன் உறைக்குள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தது.

“பாத்தியா, நீ விட்டாலும் இது விட மாட்டேங்குது.”

“வாங்குனவரு மாதிரியே இருக்கு” என்றாள்.

மாத்தளை டவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, “அந்தக் கார் இன்னும் உசுரோட இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே தேடிப் புதுக் கேபிள் ஒன்று எடுத்துக்கொடுத்தார். அதை மாட்டி, ட்ரம்மையும் சில்லையும் பூட்டிவிட்டு, மனைவியைச் சுழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரு கையால்தான் தட்டினாள். அது பாட்டுக்குச் சுற்றியது. நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நசுங்காத பழத்தைத் தேடி எடுத்துக் கழுவி, சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள். பஸ் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மகள் புறப்பட்ட காலையில் அதே பழத்தை அதே சில்லுக்கு வைத்தாள். நசுங்கியது.

வழியில் நாவுலயில் நிறுத்திச் சில்லைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை; பிரேக் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட வாசல் நல்ல சமதரை. நான் ஹேண்ட் பிரேக் போட்டேன். புதுச் சேலையோடு இறங்கப் போன மகள் திரும்பி, இரண்டு கையாலும் அதை இன்னும் ஒரு பல் ஏற்றினாள்.

“அம்மா சொல்லித்தான் அனுப்புனாங்க, அப்பா.”