அடுப்பில்லாத நாட்களில் மாத்தளை

என் மகள் கொழும்புக்கு வேலைக்குப் போனதிலிருந்து எங்கள் தொலைபேசிப் பேச்சில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான். வெள்ளவத்தையில் நெய்த்தோசை, புறக்கோட்டையில் புரியாணி, கொரியக்காரர் கடையில் புளிக்கவைத்த முட்டைக்கோவா என்று ஒன்றுவிடாமல் சொல்லுவாள். படமும் அனுப்புவாள். கடைசியில், "நீங்களும் அப்பாவும் எங்கயாச்சும் போய்ச் சாப்பிடுங்களேம்மா" என்பாள்.

"மாத்தளையில எங்கடி போறது? இங்க என்ன இருக்கு?" என்பேன் நான்.

இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர்ப் பாடசாலையிலேயே படிப்பிக்கிற நான் அதை நம்பித்தான் சொன்னேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஞாபகமே எனக்கில்லை. என்றைக்காவது காய்ச்சல் என்று நான் படுத்தால் என் கணவர் பார்சல் வாங்கி வருவார். கடைக்குள்ளே மேசையில் இருப்பவர்கள் எல்லாம் ஆண்கள். எப்போதாவது கூடப் போனாலும் நான் வெளியே முச்சக்கரவண்டியில்தான் காத்திருப்பேன்.

பிறகு சமையலறைக் கூரையில் கறையான் பிடித்தது. ஒரு நாள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து மரத்தூள் கொட்டியது. வீட்டு வேலை செய்கிற மேசன் பாஸ் வந்து கூரை வளைமரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"டீச்சர், இது தாங்காது. எல்லாத்தையும் கழட்டணும். ஒரு கிழமையில முடிச்சிருவேன்."

ஒரு கிழமை ஒரு மாதத்தையும் தாண்டிப் போனது. அடுப்பு, சட்டி பானை எல்லாம் விறாந்தையில் தார்ப்பாயின் கீழே கிடந்தன. முதல் நாள் பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் தின்று சமாளித்தோம். அடுத்த நாள் பின்னேரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள முஸ்லிம் கடைக்கு நடந்தோம்.

என் கணவருக்கு வெளிச் சாப்பாடு என்றாலே பயம். பிரதான வீதியில் புடவைக் கடை வைத்திருக்கிறார். மத்தியானம் கூட நான் கட்டிக் கொடுக்கிற சோறுதான். வாசலில் நின்று, "மாட்டிறைச்சி போடுற கடை, யோசிச்சுக்க" என்றார் மெதுவாக. கல்லாவில் இருந்த கடைக்காரருக்கு அது கேட்டுவிட்டது. அவரும் எங்கள் வயதுக்காரர்தான்.

"வாங்க முதலாளி, உள்ளுக்கு வாங்க. உங்க ஆக்களுக்குப் பருப்பும் முட்டையும் கோழியும் வேற சட்டியில, வேற கரண்டியில. எங்க வாப்பா காலத்துலயே அப்படித்தான்."

சுவர்ப் பக்கமாக ஒரு மேசையைத் துடைத்துக் கொடுத்தார்கள். எனக்குக் கூச்சம். என் மாணவன் ஒருவனின் தகப்பன் வேறு எதிர் மேசையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று "டீச்சர்" என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். அவ்வளவுதான். வேறு யாரும் என்னைப் பார்க்கவில்லை.

சுடச்சுட இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கோழிக்கறியும் வந்தன. நான் வழக்கம்போல என் கணவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இடியப்பத்தைப் போடப் போனேன். கடைக்காரர் தடுத்தார்.

"நீங்க சாப்பிடுங்க தங்கச்சி, நாங்க போடுறோம்."

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் சொதி ஊத்தவா?" என்று கேட்டார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை நான்தான் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. "ஊத்துங்க நானா" என்றேன், முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே கூப்பிடுகிற மாதிரி. தேவைக்கு மேலேயே ஊற்றினார். முழுவதையும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. காலையில் கோவிலடிக் கடையில் தோசை. பள்ளிக்கூடம் விட்டதும் பொரித்த பெட்டிஸ் ஒன்றும் பாலில்லாத இஞ்சிப் பிளேன்டீயும். சனிக்கிழமை மத்தியானத்தில், பக்கத்து ஊரான அலுவிகாரையில் ஒரு சிங்கள அக்கா தன் வீட்டு முன் அறையில் நடத்துகிற சோற்றுக் கடை. அதைக் கண்டுபிடித்தவர் என் கணவர்தான். அங்கே பிஞ்சுப் பலாக்காய்க் கறியை ஒரு வாய் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னமா வச்சிருக்காங்க பாரு!"

எனக்குச் சுருக்கென்றது. "நான் வைக்கலையா இத்தனை வருஷமா?"

அவர் தன் கோப்பையை என் பக்கம் தள்ளினார். நானும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். கறுவா வாசம், மிளகின் காரம், பஞ்சுபோல வெந்த பலாக்காய். உண்மையைச் சொல்வதென்றால், என் கறி கிட்டவும் நிற்காது. பலாக்காய் நறுக்கிப் பால் பிசுக்கோடு நான் பட்ட பாடெல்லாம் ஞாபகம் வந்தது. இனி அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். மனம் லேசாகிவிட்டது. அந்த அக்காவிடம் அதைச் சிங்களத்தில் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்து, என் கோப்பையில் இன்னொரு கரண்டி வைத்தார்.

சுவர் பூச்சு நடந்துகொண்டிருந்தபோது மகள் லீவில் வந்தாள். விறாந்தையில் கிடந்த சட்டிகளைப் பார்த்து, "அப்ப எனக்குச் சாப்பாடு?" என்று முகம் சுருங்கினாள்.

"வெளிய கூட்டிட்டுப் போறேன், வா."

"இங்க எங்கம்மா போறது?"

என் வசனத்தை அவள் வாயால் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாள் அவளை ஊர் முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தேன். பஸ் நிலையத்துக் கடைக்காரர் அவளுக்குக் கொத்து ரொட்டி கொத்தச் சொல்லிவிட்டு, "கொழும்புல இப்படி வருமா மகள்?" என்று பக்கத்திலேயே நின்றார். வராது என்றாள். பாத்திரத்தை வழித்துத் தின்றாள். போகும்போது பஸ்ஸில் ஏறிக்கொண்டே, "அம்மா, நீங்க நல்லா மாறிட்டீங்க" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

இப்போது சமையலறை தயார். பெரிய ஜன்னல், உயரமான மேடை, நல்ல காற்று. ஆசையாகத்தான் சமைக்கிறேன். ஆனால் சனிக்கிழமை அடுப்புப் பற்றவைப்பதில்லை. போன சனிக்கிழமை காலை என் கணவர் தன் புடவைக் கடையிலிருந்து போனில் கூப்பிட்டார்.

"நாலந்தாவில ரோட்டோரமா ஒரு கடையாம். தம்புள்ளைக்குப் போற லொறிக்காரங்க அங்கதான் நிப்பாட்டுறாங்களாம். குளத்து மீன் பொரியல் நல்லா இருக்குமாம். போவமா?"

பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனோம். மீனில் முள் அதிகம். அவர் பொறுமையாக முள் எடுத்து என் கோப்பையில் வைக்க, நான் சாப்பிட்டேன்.