சுண்டுவிரலில் சுற்றிய நூல்

மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஏழாவது வருடம், குழந்தைகளுக்கான குயில்ட் தைக்கத் தொடங்கினேன். இரண்டு பருத்தித் துணிகளுக்கு நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பை வைத்து, மூன்றையும் சேர்த்து மெஷினில் கோடுகோடாகத் தைக்கும் சின்னப் போர்வை அது. வீட்டுக்காரர் காலையில் மசாலா கிடங்குக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகல் முழுக்க எனக்கும் மெஷினுக்கும்தான் பேச்சு. எங்கள் சந்தில் ஒரு பிரசவத்துக்குப் பரிசாகத் தைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு இன்னொருத்தி கேட்டாள். அப்படியே ஆள்மேல் ஆள் வந்தார்கள்.

கை வேகமானவள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மெஷினில் ஒரு கோடு முடிகிற இடத்தில் மேல்நூலும் அடிநூலுமாக இரண்டு நுனிகள் நிற்கும். நான் அவற்றைக் கத்தரியால் நறுக்கிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போய்விடுவேன். முன்பக்கம் மட்டும் கவனமாகப் பார்ப்பேன். பின்பக்கம் பூப்போட்ட துணி, யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கும்பளங்கியில் இருந்து வந்து இரண்டு மாதத்துக்கு முன் குயில்ட் வாங்கிப்போன பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றாள். அவளுடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அவள் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். மலையாளம் கலந்து தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது.

"சேச்சி, நான் சண்ட போட வரல. ஒரு காரியம் காட்டணும்" என்றாள்.

உள்ளே வந்து உட்கார்ந்து குழந்தையின் இடது காலை என் பக்கம் நீட்டிப் பிடித்தாள். சுண்டுவிரலின் அடியில், மோதிரம் போட்டதுபோல் சிவந்த வடு.

"முந்தாநாள் மோளு காலைலேருந்து ஒரே கரச்சில். பால் கொடுத்தேன், வயித்துல எண்ணெய் தடவுனேன், நிக்கவே இல்ல. குளிப்பிக்க எடுக்கும்போதுதான் பார்த்தேன். விரல் திராட்சை மாதிரி நீலமா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில லென்ஸ் வச்சுப் பார்த்து, விரலைச் சுத்தி இறுகிக் கிடந்த நூலை வெட்டி எடுத்தாங்க. இன்னும் தாமசிச்சிருந்தா விரலே போயிருக்கும்னு டாக்டர் சொன்னார்."

பையிலிருந்து குயில்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள். நாலைந்து முறை துவைத்ததில் நான் நறுக்கிவிட்ட நுனிகள் பின்வாங்கி, தையல் பிரிந்து, அங்கங்கே நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. ஒரு வளையம் மட்டும் பாதியில் அறுந்திருந்தது.

நான் "ஐயோ தாயி" என்றது மட்டும் நினைவிருக்கிறது. குழந்தையின் பாதத்தைத் தொடக்கூட பயமாக இருந்தது. அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றும் நான் கேட்கவில்லை.

அவள் எழுந்தாள். "வீட்டுல எல்லாரும், அங்க போய் என்ன கிட்டப்போகுதுன்னாங்க. நீங்க இனியும் தைப்பீங்கல்ல சேச்சி? வேற பிள்ளைங்களும் இருக்கும்ல. அதான் வந்தேன்." குயில்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மற்றவர்களிடமிருந்தும் போர்வைகளைத் திரும்ப வாங்கப்போகிறேன் என்றதும் அவர் தயங்கினார்.

"நீயா போய்ச் சொன்னா, அப்புறம் யாரு உங்கிட்ட வாங்குவா?"

"வாங்காட்டிப் போறாங்க. இன்னொரு பிள்ளை விரலு போச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன்?"

அவர் மறுநாள் வேலைக்குக் கிளம்புமுன், ஆலுவாவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்ததை நினைவுபடுத்தி, அந்த நம்பரைத் தேடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் போன் செய்தேன். முதலில் குழந்தையின் மேலிருந்து எடுத்துவிடுங்கள், பிறகு காரணம் சொல்கிறேன் என்றேன். ஒருத்தி கத்திவிட்டு போனை வைத்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆலுவாக்காரி அன்றே பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். பக்கத்துச் சந்துகளில் நானே நடந்துபோய் வாங்கி வந்தேன். வாங்கிய ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே வளையங்கள்.

நூலை எப்படி முடிப்பது என்று அதற்கப்புறம்தான் கற்றேன். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் வீடியோ. அவள் பேசியது புரியவில்லை, விரல்கள் புரிந்தன. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கோடு முடிந்ததும் நறுக்கக் கூடாது; நான்கு விரல்கடை நூல் விட வேண்டும். மேல்நூலைச் சுண்டினால் அடிநூல் சின்னக் கண்ணியாக மேலே எட்டிப் பார்க்கும். அதை ஊசிமுனையால் இழுத்து இரண்டையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, துணியை ஒட்டி முடிச்சுப் போட வேண்டும். பிறகு இரு நுனிகளையும் கையூசியில் கோத்து, தையல் முடிந்த அதே துளைக்குள் இறக்கி, பஞ்சுக்குள்ளேயே ஒரு விரல்நீளம் ஓட்டி, வேறிடத்தில் வெளியே எடுக்க வேண்டும். மெல்ல இழுத்தால் முடிச்சு 'டப்' என்று உள்ளே போய்விடும். வெளியே மிஞ்சியதை ஒட்ட வெட்டினால், நூல் இருந்த தடமே தெரியாது.

ஒவ்வொரு நுனிக்கும் ஊசி கோத்து எனக்குக் கண் பூத்தது. இங்கே பிராட்வே கடைத்தெருவில் தையல் சாமான் விற்கும் சேட்டனிடம் புலம்பினேன். காது மேலே பிளந்திருக்கும் ஊசி ஒன்றைக் காட்டினார். நூலை மேலிருந்து அழுத்தினால் போதும், தானே உள்ளே விழும். குழந்தைப் போர்வைக்கு என்று நான் சொன்னதும், "ஒண்ணு தொலைஞ்சாலும் வேணுமில்லே" என்று கூட ஒன்றைச் சும்மா கொடுத்தார்.

பழைய தையலைப் பிரித்து, எல்லாவற்றையும் மறுபடி தைத்து முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. கும்பளங்கிப் பெண்ணுடையதைக் கடைசியாக எடுத்தேன். முடித்ததும் பத்து முறை சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தேன். ஒரு நுனிகூட வெளியே வரவில்லை.

பஸ் ஏறிக் கும்பளங்கி போனேன். அவள் குயில்டை வாங்கி மடிமேல் விரித்து, உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். 

"நீ அன்னிக்கு வரலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா" என்றேன். "உனக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

அவள் குயில்டை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "நல்லாருக்கு சேச்சி. ஆனா மோளு மேல போட இப்ப எனக்கு தைரியம் இல்ல. கொஞ்ச நாள் கழியட்டும்."

எனக்கு அது வலித்தது. ஆனாலும் பசப்பாமல் சொன்னாளே என்று அவள்மேல் மதிப்புக் கூடியது. என்னிடம் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு, அவள் குயில்டைப் பரண்மேல் போட்டிருக்கலாம். அன்றைக்கும் அப்படித்தானே, என்னைத் தேடி வராமல் வீட்டிலேயே திட்டிவிட்டு இருந்திருக்கலாம்.

"சாயா குடிச்சிட்டுப் போங்க" என்று அடுப்படிக்குப் போனவள், போகிறபோக்கில் பாயில் கிடந்த குழந்தையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவள் திரும்பி வரும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.