சாயம் பார்த்த நாக்கு

பள்ளிபாளையம் சந்தையில் சேலை விற்றுக்கொண்டிருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது. கறுப்புக் கோட்டு, நெற்றியில் பட்டையாகத் திருநீறு, வாய் கொள்ளாத வெற்றிலை. சாயம் போகுமா என்று யார் கேட்டாலும், சேலையின் நுனியை நக்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார்.

ஒரு நாள், மகள் கல்யாணத்துக்குச் சிவப்புச் சேலை எடுக்க வந்த ஒரு குடியானவப் பெண் அதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“துரைமாருங்க பாஷையில சாயம் போறதை ‘ஃபேடு’ங்கறாங்க, அம்மணி. அந்த வார்த்தைக்குப் பூர்வீகத்துல ருசி கெட்டதுன்னுதான் அர்த்தமுங்க. அதனாலதான் நாக்குல வெச்சுப் பாத்துச் சொல்றேன்” என்றார்.

துண்டு வாங்கப் போயிருந்த நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் மயங்கவில்லை. தண்ணீர்ச் செம்பை அவரிடம் நீட்டினாள்.

“வெத்தலையத் துப்பிப்போட்டு, வாயக் கொப்புளிச்சுட்டு நக்குங்க. செவந்த நாக்குல செவப்புச் சாயம் எப்படீங்க தெரியும்?”

அவர் செம்பைத் தொடவே இல்லை. எச்சில் பட்ட நுனி உள்ளே போகும்படி சேலையை மடித்து, அடுத்து வந்தவளிடம் நீட்டினார்.

பின்னாளில் ஆங்கில அகராதியில் தேடிப் பார்த்தேன். அந்த வார்த்தைக்கு அவர் சொன்ன பூர்வீகம் சரிதான். அவ்வளவு படித்த நாக்கை இதற்கா வைத்திருந்தார்?