ஆமென்னுக்கு ஆமாங்க

மலைமேல் எங்கள் சோளக்காடு ஊரில் பஸ்ஸுக்காக நின்றபோது, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கின் ஆவி முகத்தில் வந்து பட்டது. இன்று விடுதிக் கார்கள் நிற்கிற இடத்தில் என் சின்ன வயதில் இருந்த தகரக் கொட்டகை, ஈர விறகின் புகையோடு அப்படியே நினைவில் திரும்பி வந்தது.

லுத்தரன், மெதடிஸ்ட் என்று பல கிறிஸ்தவ சபைப் பிள்ளைகளையும் ஒன்றாகப் படிக்கவைத்த ஓர் இறையியல் கல்லூரி, கிராம ஊழியம் பழக அவர்களைக் கோடைதோறும் அந்தக் கொட்டகைக்கு அனுப்பும். எங்கள் மலைச்சாமியைத் தவிர வேறு சாமி அறியாத அம்மாதான் அவர்களுக்குச் சமையல். தட்டுக்கு முன் உட்கார்ந்து, ஒரே ஜெபத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் சேர்ந்து தொடங்கி, ஆளுக்கொரு நேரத்தில் முடிப்பார்கள். ஆமென் என்றால் 'தட்டில் போடலாம்' என்று நினைத்திருந்த அம்மா, ஒவ்வோர் ஆமென்னுக்கும் "ஆமாங்க" என்பாள். ஆனாலும் கடைசி ஆமென் வரும்வரை கரண்டியைத் தொடமாட்டாள். பக்கத்தில் நான் பசியோடு உட்கார்ந்திருப்பேன்.

கடைசி ஆமென் எப்போதும் அவர்களில் பேச்சு திக்கும் ஓர் அண்ணனுடையது. பிரசங்கம் தனக்கு வராது, படிப்பையே விட்டுவிடலாம் என்றிருந்தவர், ஒருநாள் எல்லோரும் காத்திருப்பதைப் பார்த்துக் கூசி, ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா அசையவில்லை.

"முழுசாச் சொல்லு சாமி. கெழங்கு எங்கயும் போயிராது."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருக்க, அவர் திக்கித் திக்கிக் கடைசிவரை சொன்னார். "ஆமாங்க" என்று அம்மா கரண்டியை எடுத்தாள். அவர் படிப்பை விடவில்லை.

"மொளகுத்தூள் போடட்டுங்களா?" என்று கேட்டார், இப்போது பஸ் நிற்கும் இடத்தில் கிழங்கு விற்கும் பெண்மணி.

"ஆமாங்க" என்றேன். தட்டு கைக்கு வந்த பிறகும், யாரோ இன்னும் முடிக்கவில்லை என்பதுபோல், சிறிது நேரம் தொடாமல் நின்றேன்.