ஏழாவது அத்தியாயத்து ஏரி

பள்ளிக்கூடத்திலிருந்து பத்தேகாலுக்கு போன். "உங்க பொண்ணு இன்னைக்கு லீவா மேடம்?" காலையில் யூனிஃபார்ம் போட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நல்லாத்தானே கிளம்பினாள்!

பதினோரு வயசு. ஆவடி குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்தவள். அவங்கப்பா ஃபேக்டரி வேலையை விட்டு வேறு கம்பெனியில் சேர்ந்ததும் ஐயப்பன்தாங்கலில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தோம். மூணு வாரம்தான் ஆகியிருந்தது. புதுப் பள்ளிக்கூடம் பிடிக்கலை என்று தினமும் முணுமுணுப்பாள். நான் எங்கே காதில் வாங்கினேன்? சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சாகச நாவல் எழுதிக்கொண்டிருந்தேன், அதை முடிக்கிற அவசரம் எனக்கு.

அவள் மேஜையைக் கலைத்துப் போட்டேன். ஒன்றும் இல்லை. என் மேஜைக்கு வந்தால், நாவலின் பிரிண்ட் அவுட்டில் ஏழாவது அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் காணோம். ஏழாவதில்தான், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணப் பிடிக்காத ஒரு பெண் ரயிலேறித் திருநின்றவூர் ஏரிக்குப் போவாள். வாழைமரத்தில் தெப்பம் கட்டித் தண்ணீரில் இறங்குவாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது. ரயில் நேரம், ஏரிக்குப் போகிற சந்து எல்லாம் அச்சு அசலாக எழுதி வைத்திருந்தேன். எழுத்தில் நிஜம் இருக்கணுமாம்! மண்ணாங்கட்டி.

ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். "இன்னாம்மா, அழுதுகினே கீறே?" என்றார் ஆட்டோக்காரர். ஏரி, பொண்ணு என்று இரண்டு வார்த்தைதான் வந்தது. உடனே அவர் பூந்தமல்லி நெரிசலில் புகுந்து புகுந்து ஓட்டினார். அவங்கப்பாவுக்கு நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. பாழாய்ப்போன மீட்டிங்!

ஏரிக்கரையில் ஏறும்போது செருப்பு அறுந்தது. கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். மழை பெய்து தண்ணீர் கரைவரை ஏறி நின்றது. ஒரு தலை தெரிகிறதா என்று தண்ணீரையேதான் பார்த்துக்கொண்டு ஓடினேன். வேலமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைத் தாண்டியே போய்விட்டேன். "அம்மா" என்று கூப்பிட்டாள்.

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அப்புறம் கட்டிப்பிடித்து, "என் உசிரே போயிடுச்சுடி" என்று ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை. பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள்.

"இதுல வர்றது நான்தானே? குவார்ட்டர்ஸ், சைக்கிள், என் முட்டிக் காயம் எல்லாம் இருக்கு. நீ மட்டும் ஏன் இல்ல?"

அது எங்கள் தொழில் வழக்கம். அம்மா பக்கத்தில் இருந்தால் எந்தப் பிள்ளை தெப்பம் கட்டும்? அதனால் முதல் பக்கத்திலேயே அம்மாவைக் கழற்றிவிட்டுவிடுவோம். அதைத்தான் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன்.

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "கடைசில அவ வீட்டுக்குத் திரும்பி வர்றான்னு எழுதியிருக்கியே," என்றாள். "அங்க யாரு இருக்கான்னு அவ வரணும்?"